மிளகாய் மூட்டை மூச்சு விடாது

சங்கரன்கோவிலுக்கு மேற்கே, கரிசல் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. நடுவப்பாறை மடம் என்று பெயர். அதை நடத்தியவருக்கு நாற்பது வயதுகூட நிறைந்திருக்காது. எல்லோரும் அவரை அம்மை என்றார்கள். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த கோமதிநாயகத்துக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம் என்பதில் இரண்டு பேருக்குமே சங்கடம் இருந்ததில்லை. அம்மை அவரை ‘ஐயா’ என்று கூப்பிடுவார். அவர் அம்மையைக் கண்டால் எழுந்து நிற்பார். கணக்கு சரியாகிவிடும்.

கோமதிநாயகம் என்ஜினியர். வீடு கட்டுகிற என்ஜினியர் இல்லை, குளிர் கிட்டங்கி கட்டுகிறவர். மிளகாய், புளி, கொத்தமல்லி என்று மூட்டை மூட்டையாக அடுக்கி, வெளியே அக்கினியாகக் கொளுத்தினாலும் உள்ளே மார்கழியாக வைத்திருக்கும் கட்டடங்கள். வாழ்நாள் பூராவும் அதையேதான் செய்தார். அவர் கட்டிய கிட்டங்கியில் மிளகாய் நிறம் மாறாது என்று வியாபாரிகள் சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து அவர் நடையே கொஞ்சம் மாறிப்போனது.

வேலையை விட்டதும் மடத்துக்கு வந்தார். தனியாக வரவில்லை. அண்ணன் சங்கரலிங்கத்தையும் கையோடு கூட்டி வந்தார். அண்ணாச்சிக்கு மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை. தம்பிதான் உலகம். தம்பிக்கும் அண்ணாச்சி என்றால் உயிர். அதை இரண்டு பேரும் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. சாப்பிட்டாச்சா, தூங்கினியா என்பதற்கு மேல் அவர்கள் பேச்சு போகாது.

மடத்தில் வயதானவர்கள் தங்குவதற்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. சித்திரை பிறந்தால் அதற்குள் பகலில் தலைகாட்ட முடியாது. அண்ணாச்சிக்கும் அங்கேதான் இடம். முதல் கோடையில் அண்ணாச்சி துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கோமதிநாயகம் பார்த்தார். மனசு பொறுக்கவில்லை. நேரே அம்மையிடம் போனார்.

“அம்மை, உத்தரவு கொடுத்தா அந்தக் கொட்டகையைப் பிரிச்சிட்டு ஒரு கூடம் கட்டித் தாரேன். வெயில் உள்ள வராத சுவர் வைக்கேன்.”

“வெயில் வராத சுவரு உண்டா?”

“உண்டு அம்மை. ரெண்டு வரிசைச் செங்கல். நடுவுல தெர்மாகோல் பலகை. கூரைக்கும் அப்படியே. சூடு நுழையாது.”

அம்மை கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நுழைஞ்சிட்டா?”

“நுழையாது அம்மை.”

“சரி. கட்டுங்க.”

கட்டினார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே கட்டினார். ஒரு விரிசல் கிடையாது, ஒரு சந்து கிடையாது. குளிர் வீணாகாமல் இருக்க ஒரே வாசல், அதுவும் குறுகலாக. கதவின் ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டினார். ஜன்னலே வேண்டாம் என்பதுதான் அவர் கட்சி. ஆனால் அண்ணாச்சிக்குப் பொழுது சாய்வதைப் பார்க்கப் பிடிக்கும். அவருக்காக மட்டும் மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி ஒன்றைப் பதித்தார். அது திறக்காது. திறக்கிற கண்ணாடி வைக்க அவர் என்ன கிறுக்கனா?

கூடத்துக்குச் சட்டமும் அவரே போட்டார். கதவைத் திறந்தால் உடனே மூட வேண்டும். பகலானாலும் ராத்திரியானாலும் சாத்தியே இருக்க வேண்டும். எந்தக் கிட்டங்கிக்கும் அதுதான் வேதம். கிட்டங்கிக் கதவைத் திறந்து போட்டவனை அவர் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார். இங்கே யாரையும் அனுப்ப முடியாது. ஆகவே கதவுக்கு ஸ்பிரிங் போட்டார். விட்டால் தானாக மூடிக்கொள்ளும்.

அடுத்த வருசம் பங்குனியிலேயே வெயில் ஏறத் தொடங்கியது. கோமதிநாயகம் தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூடத்துக்குப் போவார். கொதிக்கும் முற்றத்தில் நடந்து வந்து உள்ளே காலை வைத்ததும் உடம்புக்கு இதமாக இருக்கும். ஒவ்வொரு கட்டிலாக நின்று கேட்பார்.

“என்ன, குளுகுளுன்னு இருக்கா?”

“இருக்கு ஐயா” என்பார்கள்.

கடைசியில் அண்ணாச்சியின் கட்டில்.

“அண்ணாச்சி, குளுகுளுன்னு இருக்கா?”

“ராஜா மாதிரி இருக்கேன்டே.”

அது போதும் அவருக்கு. அன்றைக்குப் பூராவும் அந்த ஒரு சொல்லை மென்றுகொண்டே இருப்பார். வெளியூரிலிருந்து மடத்துக்கு வருகிறவர்களையும் மத்தியான நேரம் பார்த்துத்தான் கூடத்துக்குக் கூட்டிப் போவார். அவர்களும் உள்ளே நுழைந்ததும் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு ஆச்சரியப்படுவார்கள். ராத்திரியில் அவர் மடத்து மொட்டைமாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். நல்ல காற்று. படுத்த உடனே தூங்கிவிடுவார்.

கூடத்தில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது முப்பிடாதி என்ற பெண். அவள் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“என்ஜினியரய்யா, சாயங்காலம் ஆச்சுன்னா உள்ள கொஞ்சம் புழுக்கமா இருக்கு.”

“கதவைத் திறந்து வச்சிருப்பீங்க.”

“இல்லை ஐயா, சாத்தித்தான் இருக்கு.”

“அப்போ எங்கயோ சூடு நுழையுது.”

மறுநாளே ஆள் வைத்துச் சுவரில் உள்பக்கமாக இன்னொரு அடுக்கு தெர்மாகோல் ஒட்டி, மேலே பூசினார். வாசலுக்கு வெளியே கனமான படுதா ஒன்றும் தொங்கியது. முப்பிடாதி அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. சொன்னதற்கே ஒரு படுதா வந்தது. இன்னொரு முறை சொன்னால் என்ன வருமோ என்று அவள் நினைத்திருக்கலாம்.

சித்திரையில் அண்ணாச்சி குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. டவுனிலிருந்து டாக்டர் வந்து காலில் எடை கட்டிக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டார். எலும்பு கூடும்வரை ஆளை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கென்றே ஒரு இரும்புக் கட்டிலைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து கூடத்துக்குள் மாட்டினார்கள். ஒரு மூலையில் ஸ்டவ் அடுப்பு வைத்து அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தாள் முப்பிடாதி. நோயாளியை விட்டுவிட்டு அடுக்களைக்கும் கூடத்துக்கும் அவள் எத்தனை முறை நடப்பாள், பாவம்.

பிறகு கத்திரி தொடங்கியது.

கத்திரி தொடங்கிக் கொஞ்ச நாளில் அண்ணாச்சி பிதற்ற ஆரம்பித்தார். செத்துப்போன மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கோமதிநாயகம் தொட்டுப் பார்த்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

டாக்டர் வந்து பார்த்தார். நெற்றியைத் தொட்டார், அக்குளைத் தொட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம் அண்ணாச்சியை விட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். தன் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

“இது காய்ச்சல் இல்லை. காய்ச்சல்னா மருந்து கொடுத்து இறக்கிடலாம். அறைச் சூடு ஒடம்புல ஏறியிருக்கு. வயசான ஒடம்பு, வேர்க்கக்கூட மாட்டேங்குது.”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரட்டுமா?”

“இந்த இடுப்போட, இந்த ரோட்டுல வண்டியில தாங்க மாட்டாரு. இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒடம்பு குளிரணும். இன்னொரு ராத்திரி இதே மாதிரி போச்சுன்னா என்னைக் குறை சொல்லாதீங்க.”

டாக்டர் போய்விட்டார். அறைச் சூடு என்று அந்த மனிதர் சொன்னது கோமதிநாயகத்தின் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இவர் கட்டிய அறையில் சூடா?

அன்று அவர் மத்தியானத்தோடு திரும்பிப் போகவில்லை. அண்ணாச்சியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டார். போட்ட துணி கொஞ்ச நேரத்தில் வெந்நீரில் முக்கியதுபோல ஆனது. மூன்று மணிக்கு மேல் மேற்குக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கித் தரையில் படுத்தது. மெல்ல நகர்ந்து கட்டில் காலைத் தொட்டது. அடுப்பில் கஞ்சி கொதித்தது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தார்கள். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பொழுது இறங்க இறங்க வெளியே வெயில் தணிந்தது. உள்ளே தணியவில்லை. ஏறியது.

பொறுக்க மாட்டாமல் எழுந்தார்.

“கட்டிலோட வெளிய தூக்கிருவமா ஐயா?” என்றாள் முப்பிடாதி.

கட்டில் அந்த வாசலில் நுழையாது. வாசலை அத்தனை குறுகலாக வைத்தவர் அவரேதான். அவர் வெளியே போனார். சாமான் அறையிலிருந்து ஒரு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைப் பிடித்திருந்தவை முப்பது கிட்டங்கி கட்டிய கைகள்.

வேப்பமரத்தடியில் அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடப்பாரையைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார்.

“எங்க போறிய ஐயா?”

“சுவரை இடிக்கப் போறேன் அம்மை. இந்தச் சுவரு என்னை ஏமாத்திட்டு. எங்கயோ சூட்டை உள்ள விடுது. நாலு பக்கமும் தள்ளிட்டு ஓலைத்தட்டி கட்டிருதேன். எங்க அண்ணாச்சி செத்துருவாரு அம்மை.”

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. இத்தனை வயதில் இப்படி அழுவோம் என்று அவர் நினைத்ததில்லை.

அம்மை எழுந்து உள்ளே போனார். ஒரு கறுப்புக் கம்பளியை எடுத்து வந்தார். மார்கழிப் பூசைக்கு விடியலில் போர்த்திக்கொள்கிற கம்பளி.

“இதைப் போர்த்திக்கிட்டு இங்ஙன உக்காருங்க.”

“அம்மை, நேரமில்லை.”

“இடிக்கதுக்குப் பொழுது கிடக்கு. உக்காருங்க.”

குரு சொன்னால் மறுக்கிற பழக்கம் அவருக்கில்லை. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். அம்மை கம்பளியைத் தோளிலிருந்து கால்வரை இறுக்கமாகச் சுற்றிவிட்டு, மறுபடியும் கீரைக்குப் போய்விட்டார்.

வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து மேல்காற்று கிளம்பி வேப்பங்கொப்பை அசைத்தது. காற்று அவர் முகத்தில் அடித்தது. கழுத்துக்குக் கீழே வெந்தது. வியர்வை ஊறிக் கம்பளி குத்தியது. அவர் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்கு?” என்றார் அம்மை.

“வேகுது அம்மை.”

“கம்பளி ரொம்பச் சூடு போல.”

“கம்பளிக்கு ஏது அம்மை சூடு? அது மார்கழியிலயும் இதே கம்பளிதான். சூடு என் ஒடம்போடது. வெளிய போக வழியில்லாம உள்ளயே...”

அவர் நிறுத்திக்கொண்டார்.

அம்மை கீரைத்தண்டை ஒடித்தார்.

“உள்ளயே?” என்றார்.

கோமதிநாயகத்துக்குள் ஒரு பழைய கிட்டங்கி ஓடிக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் தெர்மாகோல் சுவர். உள்ளே மிளகாய் மூட்டைகள். சுவர் ஓரத்தில் ராப்பகலாக உறுமும் மெஷின். உள்ளே வந்த சூட்டை அள்ளி அள்ளி வெளியே கொட்டும் மெஷின். குளிரைத் தந்தது அதுதான். சுவர் ஒருநாளும் குளிரைத் தந்ததில்லை, கொடுத்ததைப் பிடித்து வைத்தது, அவ்வளவுதான். இங்கே மெஷின் எங்கே?

“மிளகாய் மூட்டை மூச்சு விடாது அம்மை” என்றார் மெதுவாக.

“ஆமா.”

“கஞ்சி குடிக்காது.”

“ஆமா.”

“பொழுது சாயிறதைப் பாக்கணும்னு ஆசைப்படாது.”

அம்மை அடுத்த கீரைத்தண்டை எடுத்தார்.

“நான் மனுசங்களை உள்ள வச்சுக் கிட்டங்கி கட்டிட்டேன். சூடு சுவரு வழியா நுழையலை. உள்ளயே உண்டானது. அடுப்புல, மூச்சுல, அந்தக் கண்ணாடியில. என் சுவரு அதை வெளிய விடலை. நல்ல சுவரு அம்மை. அம்புட்டு நல்லா இருக்கு, அதனாலதான் கொல்லுது.”

“அப்போ கம்பளியைக் கிழிச்சிருவமா?”

அவர் நிமிர்ந்து அம்மையைப் பார்த்தார்.

“கிழிக்க வேண்டாம் அம்மை. விலக்கினாப் போதும்.”

கம்பளியை உதறிவிட்டு எழுந்தார். நனைந்திருந்த சட்டையில் காற்று பட்டதும் உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்போடு கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

கூடத்தில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள். கட்டியவரே இடிக்க வந்துவிட்டார் என்று ஒரு கிழவர் எழுந்து உட்கார்ந்தார். முதலில் அடுப்பை வெளியே தூக்கிப் போனார் கோமதிநாயகம். படுதாவைக் கிழித்தார். ஸ்பிரிங்கைக் கழற்றிக் கதவை மலர்த்திக் கல்லை முட்டுக் கொடுத்தார். மேற்குக் கண்ணாடியைச் சட்டத்தோடு பெயர்த்து, இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி இறக்கினார். அப்புறம் கிழக்குச் சுவரில் ஏணியைச் சாத்தி ஏறி, கூரையை ஒட்டிக் கடப்பாரையை ஓங்கினார். செங்கல் உதிர்ந்தது. தெர்மாகோல் உடைந்து அதன் வெள்ளை மணிகள் அவர் தலையெல்லாம் கொட்டின. வெளிச்செங்கலும் பெயர்ந்து ஆள் தலை நுழைகிற அளவுக்கு வழி விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று போட்டார்.

இரண்டாவது துவாரம் விழுந்ததும் மேற்கே நுழைந்த காற்று கூடத்தைக் குறுக்கே கடந்து கிழக்கே வெளியேறியது. கீழே சிதறிக் கிடந்த வெள்ளை மணிகள் எழுந்து அதோடு பறந்து போயின. கட்டிலில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராகக் காற்றுக்கு முகத்தைத் திருப்பினார்கள். யாரோ ஒருவர், “அப்பாடி” என்றார். பங்குனியிலிருந்து அடக்கி வைத்திருந்த அப்பாடி அது.

இரவு முழுக்கக் காற்று நிற்கவில்லை. கோமதிநாயகம் அண்ணாச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியை மாற்றினார். இப்போது துணி குளிர்ந்தது. எப்போதோ ஒரு நேரத்தில் அண்ணாச்சியின் நெற்றியில் வியர்வை அரும்பியதைப் பார்த்தார். துடைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விடிந்தது. முப்பிடாதி வந்து பார்த்துவிட்டுக் கும்பிட்டாள். கூடத்துக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். இனி இந்தக் கதவைச் சாத்துவதே இல்லை என்று தங்களுக்குள் தீர்மானமே போட்டுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கோமதிநாயகம் பலகை, சாக்கு, ஓலைத்தட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்தார். வெயில் ஏறுவதற்குள் துவாரங்களைப் பலகையால் அடைத்தார். மேற்கே கண்ணாடி இருந்த இடத்தில் சாக்கை அடைத்து, வெளியே ஓலைத்தட்டியை நிழலுக்குக் கட்டினார். கதவைச் சாத்தினார்.

“நேத்து திறங்கன்னாரு, இன்னைக்கு மூடுங்காரு” என்றார் அந்தக் கிழவர். “வெயில் மண்டைக்கு ஏறிட்டு போல.”

“ராத்திரி வந்த காத்து விருந்தாளி பெரியவரே. இப்ப வாரது வேற ஆளு.”

“திரும்பவும் வெந்து சாகவா?”

“சுவத்தைத் தொட்டுப் பாருங்க.”

கிழவர் நம்பாமல் கையை நீட்டித் தொட்டார். உள்ளே ஒட்டிய தெர்மாகோல் அடுக்கை, காற்று செங்கல்லைத் தொடட்டும் என்று முந்தின ராத்திரியே கோமதிநாயகம் உரித்துப் போட்டிருந்தார். செங்கல் சில்லென்று இருந்தது. கிழவர் கையை எடுக்கவில்லை. மறு கையையும் வைத்தார். அப்புறம் திரும்பி நின்று முதுகையே சாய்த்துக்கொண்டார்.

“ராத்திரி பூராக் குளிரைக் குடிச்சிருக்கு” என்றார் கோமதிநாயகம். “வெளிச்சூடு அதைத் தொடாம நடுவுல தெர்மாகோல் பாத்துக்கும். பொழுது சாயிற வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் திறந்திரலாம்.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் பழைய என்ஜினியர் திரும்பி வந்திருந்தார். அம்மை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் லேசாகச் சிரிப்பு.

அன்றைக்கு ஊரில் காக்கை பறக்கவில்லை, அப்படி ஒரு வெயில். சாயங்காலம் டாக்டர் வரும்போது செருப்பையும் மீறிக் கால் சுட்டது என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். வந்தவர் நின்றார். காலரைத் தளர்த்தவில்லை. அண்ணாச்சியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“பொழைச்சுக்கிட்டாரு” என்றார்.

அண்ணாச்சி கண்ணைத் திறந்து முப்பிடாதியிடம் மோர் கேட்டார். உப்பு கூடப் போடச் சொன்னார்.

கோமதிநாயகம் வெளியே வந்து சுவரோரமாக நின்று, யாரும் பார்க்காமல் அழுதார். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு அம்மையைத் தேடிப் போனார். அண்ணாச்சி உயிர் பிழைத்த நிம்மதி இருந்தது. அதற்கு அடியில் ஒன்று உறுத்திக்கொண்டும் இருந்தது.

அம்மை தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மை, முப்பிடாதிகிட்ட விசாரிச்சேன். பங்குனியிலயிருந்தே ராத்திரி ராத்திரி வெந்திருக்காங்க. அண்ணாச்சி தூங்கவே இல்லையாம். எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லப்புடாது, தம்பி ஆசையாக் கட்டினதுன்னு அவருதான் எல்லாரு வாயையும் அடைச்சிருக்காரு.”

அம்மை வாளியைக் கீழே வைத்தார்.

“நான் தினமும் போய்க் கேட்டேனே அம்மை. ஒருநாள் தவறாமக் கேட்டேன். எங்க அண்ணாச்சி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. ஏன் சொல்லலை?”

“என்ன கேட்டிய அவருகிட்ட?”

“குளுகுளுன்னு இருக்கான்னு கேட்டேன்.”

“அது கேள்வி இல்லையே ஐயா. பதிலை நீங்களே கொண்டுபோய் அவரு கையில கொடுத்து, அப்படியே திருப்பி வாங்கிட்டு வந்திருக்கிய.”

மாடு தண்ணீரை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. கோமதிநாயகம் அம்மையைக் கும்பிட்டுவிட்டுக் கூடத்துக்கு நடந்தார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முப்பிடாதி கதவைத் திறந்து வைத்திருந்தாள். அவர் அண்ணாச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழக்கமான கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. வேறு என்ன கேட்பதென்றும் தெரியவில்லை. சும்மா இருந்தார்.

அண்ணாச்சி ஒன்றிரண்டு முறை தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி எதுவும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்ததும் பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் கழித்துத் தொண்டையைச் செருமினார்.

“இந்தக் கால்ல கட்டியிருக்குல்லா, எடை” என்றார். “உசிரு போகுதுடே கோமதி. ராத்திரியில தாங்க முடியலை.”

கோமதிநாயகம் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திக்கொண்டார்.